பிடுங்கிப் போட்ட கொப்பு

...ரோடு சரியில்ல, சாக்கடை சரியில்ல, வண்டி நிறுத்த இடமில்லன்னு இவ்வளவு நேரம் ஆளாளுக்கு மைக்கப் புடிச்சுப் பேசுனீங்க. பேசணும். வரி கட்டுறோம்ல. இப்ப நான் ஒரு கதை சொல்லிக்கிறேன். சின்னதுதான், கையில இருக்கிற டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிருவேன். ஆனா குடிச்சுக்கிட்டே கேக்காதீங்க... பாதியில தொண்டையில நிக்கும்.

தனுஷ்கோடின்னு ஒருத்தர். அவரு வீட்டு வாசல்ல, ரோட்டோரமா ஒரு பூவரச மரம். அந்தத் தெருவுலயே பூவரசுன்னா அது ஒண்ணுதான். மனுஷன் கார் வாங்கினாரு. கார் வந்ததும் என்னாச்சு? மரம் இடைஞ்சலாயிருச்சு. அதுவரைக்கும் நிழலு... அதுக்கப்புறம் குப்பை, காக்கா எச்சம். "மரம் சாயுது, வீட்டு மேல விழுந்துரும்"னு மாநகராட்சியில பொய்யைச் சொல்லி வெட்ட வெச்சுட்டாரு. அடிமரத்தைத் தோண்டி எடுத்தாரா? இல்ல. அதுக்கு மேலயே சல்லியக் கொட்டி சிமெண்டப் பூசிட்டாரு. பொது ரோட்டுலங்க. கேட்டா, "என் வாசல்தானே"ம்பாரு.

வருஷம் சில ஓடிப்போச்சு. ஒருநாள் வெளிய போயிட்டுக் கார்ல திரும்பி வர்றாரு. வண்டி நிறுத்துற இடத்துல, நெட்டுக்குத்தா, இலையும் தழையுமா ஒரு மரக்கொப்பு நிக்குது.

ரோட்டுல கொப்பு நின்னா என்னங்க அர்த்தம்? சொல்லுங்க... ஆங், பள்ளம். விழுந்துராதீங்கன்னு முகம் தெரியாத யாரோ ஒரு புண்ணியவான் ஒடிச்சு நட்டுட்டுப் போயிருப்பாரு. ஆனா இங்க பள்ளமே இல்ல. வழவழன்னு சிமெண்ட் தரை. விரல் நுழையிற அளவுக்கு ஒரு கீறல், அதுல நிக்குது கொப்பு. இவருக்கு என்ன தோணும்? எதிர்வீட்டுக்காரன் இடம் புடிக்கிறான். கல்லு வெப்பாங்க, பூந்தொட்டி வெப்பாங்க, உடைஞ்ச சேரைப் போடுவாங்க... இவன் கொப்பு வெக்கிறான். பிடுங்கி வீசிட்டு வண்டிய நிறுத்துனாரு.

மறுநாள் போயிட்டு வர்றாரு... கொப்பு. பிடுங்குறாரு. அதுக்கு மறுநாளும்... கொப்பு. எப்ப வண்டிய எடுத்தாலும், திரும்பி வரும்போது... கொப்பு.

கொப்பும் கையுமா எதிர்வீட்டுக்குப் போயிட்டாரு. அங்க அமலதாஸ்னு ஒருத்தரு, சத்தமாத் தும்மக்கூட மாட்டாரு. "என்ன அமலதாஸ், இடம் வேணும்னா வாயத் தொறந்து கேக்கணும்"னு கொப்பை அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டுறாரு. அமலதாஸ் கொப்பையே பாத்துக்கிட்டு நின்னாரு. இலையத் தொட்டுப் பாத்தாரு.

"அண்ணே... இது பூவரசுண்ணே."

"இருக்கட்டும். அதுக்கென்ன?"

"நம்ம தெருவுல இப்ப ஏதுண்ணே பூவரசு?"

தனுஷ்கோடி விறுவிறுன்னு திரும்பி நடந்தாரு. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டாரு. பயந்துட்டாருங்க. ஆனா நம்ம ஆளு பயந்தா என்ன செய்வான்? இன்னும் சத்தம் போடுவான். மாநகராட்சிக்குப் போனைப் போட்டாரு. ஒரு ஊழியர் வந்து தரையில காலால லேசாத் தட்டிப் பாத்தாரு. "சார், சத்தம் ஒரு மாதிரியா இருக்கு. கொஞ்சம் உடைச்சுப் பாத்துருவோமா?"

"உடைக்கவா உங்களைக் கூப்பிட்டேன்? யாரு நடுறான்னு கண்டுபுடிச்சுச் சொல்லுங்க, போதும்."

வந்தவரு தலையச் சொறிஞ்சுக்கிட்டே போயிட்டாரு.

அந்த ஞாயித்துக்கிழமை மக செல்வராணி வெளியூர்லேர்ந்து கார்ல வர்றா. மாப்பிள்ளை ஓட்டுறாரு. பின்சீட்டுல பேரன் படுத்துத் தூங்குறான், பக்கத்துல மக. பேரன் வர்ற வண்டி வாசல்ல நிக்கட்டும்னு இவரு தன் காரை முன்னாடியே எடுத்து அடுத்த தெருவுல விட்டுட்டாரு. மக வண்டி வாசலுக்கு வந்துருச்சு, பாத்தா... அந்த இடத்துல கொப்பு நிக்குது.

குனிஞ்சு பிடுங்குறாரு... வரல. ரெண்டு கையாலயும் இழுக்குறாரு... வரல. உள்ளேர்ந்து யாரோ புடிச்சிருக்கிற மாதிரி இருக்கு. இவரு இழுத்தா, அதுவும் இழுக்குது. வேர்த்து ஊத்துது மனுஷனுக்கு.

"என்னப்பா பண்றீங்க அங்க? புள்ளைக்குப் புழுங்குது, நாங்க இறங்கிக்கிறோம்"னு மக, தூங்குற புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு இறங்குனா. படியேறி உள்ள போனா.

அவ போனா பாருங்க... கொப்பு விட்டுருச்சு. பூ மாதிரி கையோட வந்துருச்சு.

"வாங்க மாப்ள... பின்னால வாங்க... வாங்க... வாங்க..."

சடசடன்னு ஒரு சத்தம். தரை அப்படியே உள்ள போயிருச்சு. காரோட பின்பாதி மண்ணுக்குள்ள. மாப்பிள்ளை முன்கதவைத் தொறந்துக்கிட்டு எகிறி வெளிய விழுந்தாரு. பின்சீட்டு இருக்கே... புள்ள படுத்திருந்த சீட்டு... அது சாக்கடைத் தண்ணிக்குள்ள முழுசா முங்கிப் போச்சு. மரத்து வேரு மக்கி, அந்த வழியா சாக்கடை மண்ணை அரிச்சு, கீழ ஒரு கெணறே உண்டாகியிருக்கு.

தனுஷ்கோடி கையில அந்தக் கொப்பு. திருப்பிப் பாக்குறாரு. ஒடிச்ச தடம் இல்ல. வெட்டுன தடம் இல்ல. அடியில... வெள்ளை வெள்ளையா வேரு.

யாரு நட்டதுன்னு என்னைக் கேக்காதீங்க. எனக்குத் தெரியாது. நான் உங்களைக் கேக்குறது வேற. அந்த மனுஷன் ஒருநாளாவது பள்ளத்தைப் பத்தி யோசிச்சாரா? கொப்பு மேலதானே கோவப்பட்டாரு? நாமளும் அதானே செய்றோம். ரோடு உள்வாங்குதுன்னு ஒருத்தன் சொன்னா, வேலவெட்டி இல்லாதவன். மரத்த வெட்டாதேன்னா, கிறுக்கன். உடைச்சுப் பாக்கணும்னு வர்ற ஊழியரு, தொந்தரவு. இவங்கல்லாம் யாருங்க? நாம விழுந்துரக் கூடாதுன்னு நிக்கிற கொப்புங்க. வெட்டுனவன் பேரனுக்காக வெட்டுப்பட்டது வந்து நின்னிருக்கு... நமக்குப் பிடுங்கத்தான் கை போகுது.

முடிச்சுக்கிறேன். இந்த மண்டபத்து வாசல்ல காரை எல்லாம் நெருக்கி நெருக்கி நிறுத்தியிருக்கீங்க, வரும்போது பாத்தேன். கடைசி வண்டிக்குப் பக்கத்துல, சுவரோரமா, ஒரு கொப்பு கெடந்துச்சு. இலை இன்னும் வாடல...

பிடுங்கிப் போட்டது யாருங்க?