அலர்ஜி: இல்லை

ஜெசிந்தா: நான் பேச மாட்டேன் பாரத்து. கூட்டம் நடத்தற ஹம்சினி டாக்டரம்மா கைல நீயே சொல்லிடு.

பாரத்: என்னக்கா, இப்ப போய்... ஹால் ரொம்பிடுச்சு. அடையாறு, மயிலாப்பூர், கே.கே. நகர்னு நர்சிங் ஹோம் ஓனருங்க பாதிப் பேர் வந்து உக்காந்தாச்சு.

ஜெசிந்தா: உக்காரட்டும். போண்டா, காபி குட்த்து அனுப்பு.

பாரத்: போண்டாவுக்கு எவனும் நம்ம ஒப்பந்தத்துல கையெழுத்து போட மாட்டான். நீங்க பேசினாதான் போடுவாங்க.

ஜெசிந்தா: நான் இன்னா மந்திரியா? பட்டினப்பாக்கத்துல மீன் விக்கிறவ. வஞ்சிரம் எப்டி பாத்து வாங்கறதுன்னு கேளு, சொல்றேன்.

பாரத்: டெல்லில பேசினீங்க, புனேல பேசினீங்க. மொழிபெயர்த்த அந்தம்மாவே அழுதுட்டாங்க. சொந்த ஊரு சென்னைல, இந்த தி. நகர் ஹால்ல பேச மாட்டேன்னா எப்படி?

ஜெசிந்தா: அங்கல்லாம் இன்னா பேசினேன்? சொல்லு பாப்போம்.

பாரத்: உங்க அப்பா கதைய.

ஜெசிந்தா: ம்... கதைதான்.

பாரத்: ஐயோ, அந்த அர்த்தத்துல சொல்லலக்கா...

ஜெசிந்தா: சாந்தோம் டாக்டர் ஊசி போட்டப்ப நைனாக்கு மூஞ்சி வீங்கிச்சு. அந்த மருந்து இவருக்கு ஆவாதுன்னு அவுரு கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சாரு. அப்பால ஒரு நாளு, மூச்சு வாங்குதுன்னு அடையாறுல ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனேன். இந்தக் கம்ப்யூட்டர் எழுதினத அந்தக் கம்ப்யூட்டர் படிக்காது. அதே மருந்தப் போட்டாங்க. பூட்டாரு... இதானே?

பாரத்: இதான். நாடு பூரா எல்லா ஆஸ்பத்திரியும் ஒரே மாதிரி எழுதணும், ஒண்ணு எழுதினத இன்னொண்ணு படிக்கணும்னு நாம கூட்டம் சேக்கறதே இதுக்குத்தானே. இவங்க என்னடான்னா, ரெக்கார்டை வெளிய விட்டா பேஷண்ட் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடிடுவான்னு பயப்படறாங்க. நீங்க பேசறதக் கேட்டா வாய மூடிக்குவாங்க.

ஹம்சினி: ஜெசிந்தா, ரெடியா? எல்லாரும் காத்துண்டிருக்கா. சென்னை சேர்ந்துடுத்துன்னா மத்த ஊரெல்லாம் தானா வந்துடும்.

பாரத்: அஞ்சு நிமிஷம் டாக்டர். அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சாம்.

ஹம்சினி: அடடா... வெந்நீர் குடுக்கச் சொல்றேன். சீக்கிரம் வாங்கோ.

ஜெசிந்தா: ஏன் பொய் சொன்ன?

பாரத்: பின்ன என்னத்த சொல்றது?

ஜெசிந்தா: பொய் சொல்ல நான் ஒருத்தி பத்தாதா...

பாரத்: நீங்க என்ன பொய் சொன்னீங்க?

ஜெசிந்தா: நைனாவ அடக்கம் பண்ணிட்டு, நேரா அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் சண்ட போட்டேன். ஆவாத மருந்த எப்டிய்யா போட்டீங்கன்னு. மேனேஜரு உள்ள கூப்ட்டு உக்கார வச்சாரு. 'அலர்ஜி எதுவும் இல்லைன்னு அட்மிஷன்ல நீங்கதாம்மா சொல்லியிருக்கீங்க, கம்ப்யூட்டர்ல இருக்கு'ன்னாரு.

பாரத்: நீங்க சொன்னதாவா?

ஜெசிந்தா: மூஞ்சி வீங்கினப்ப பக்கத்துல இருந்தவளே நான்தான். தெரிஞ்சும் இல்லைன்னு சொல்லிக்கீறேன். கம்ப்யூட்டருக்குப் படிக்கத் தெரியாதது அப்பால... எனக்கு வாய் இருந்துச்சே பாரத்து.

பாரத்: சொன்னது ஞாபகம் இருக்கா?

ஜெசிந்தா: அதான் இல்ல. கொரோனா டைமு... எங்க பாத்தாலும் கூச்சல். நைனா கை ஜில்லுனு இருந்துச்சு, அது மட்டும் ஞாபகம் கீது. இன்னா கேட்டாங்க, இன்னா சொன்னேன்... ஒண்ணும் தெர்ல. ஆனா சொல்லாமயா எழுதுவாங்க?

பாரத்: எழுதுவாங்கக்கா.

ஜெசிந்தா: சும்மா சமாதானம் சொல்லாத. அத்தினி ஊர்லயும் ஒருத்தங்கூட கேக்கல, 'நீ ஏம்மா சொல்லல'ன்னு. நம்மூரு ஆளுங்க கேப்பாங்க. கேட்டா நான் இன்னான்னு சொல்லுவேன்?

பாரத்: யாரும் கேக்க மாட்டாங்க...

ஜெசிந்தா: கேக்கலன்னா அது இன்னும் பேஜாரு. பூசையில முட்டி போட்டு நிக்கறப்ப கூட இத்த நான் சொன்னதில்ல. உங்கிட்டதான் சொல்றேன். கூட்டத்துல எல்லாரும் என்னைப் போட்டோ எடுப்பாங்க, நீ மட்டும் தலையக் குனிஞ்சுக்குவ. மருவாதி தெரிஞ்ச புள்ள.

பாரத்: மரியாதை இல்லக்கா அது.

ஜெசிந்தா: பின்ன?

பாரத்: இப்ப இருக்கற வேளச்சேரி சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வர்றதுக்கு முன்னாடி நான் எங்க இருந்தேன்னு நீங்க கேட்டதே இல்ல.

ஜெசிந்தா: ஏதோ ஒரு ஆஸ்பத்திரின்னியே...

பாரத்: அட்மிஷன் கவுன்ட்டர். ஸ்கிரீன்ல அலர்ஜி 'உண்டு', 'இல்லை'ன்னு ரெண்டே கட்டம். ஏதாவது ஒண்ண அமுக்காம அடுத்த பக்கம் போகாது. 'கேக்கலை'ன்னு அமுக்க ஒரு இடம் கிடையாது. வெளிய ஆம்புலன்ஸ் வரிசையா நிக்கும்... எல்லாருக்கும் 'இல்லை'ன்னு அமுக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்போம்.

ஜெசிந்தா: எந்த ஆஸ்பத்திரி பாரத்து?

ஹம்சினி: ஜெசிந்தா, வாங்கோ... மைக்ல உங்க பேரைச் சொல்லியாச்சு.

ஜெசிந்தா: இரும்மா... டேய், உன்னத்தான் கேக்கறேன். எந்த ஆஸ்பத்திரி?

பாரத்: மாஸ்க் போட்டிருந்தேன், அதான் உங்களுக்கு என்னை அடையாளம் தெரியல. நீங்க 'இல்லை'ன்னு சொல்லவே இல்லக்கா. நான் உங்களை எதுவுமே கேக்கல.