கூரை இல்லாத வண்டிக்குப் பாட்டு

டார்ச்சை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கச் சொன்னார், கார்களுக்குப் பாட்டு செட் மாட்டும் பக்ருதீன். இறக்கினேன். மார்ச் இருபத்துமூன்று, காலை எட்டு மணிக்கே ஷெட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது. காரின் இரண்டு சீட்டும் கழற்றப்பட்டுத் தரையில் கிடந்தன. என் வீட்டுக்காரர் ஷிபின் ஏறிய நாகர்கோவில் ரயில் செங்கல்பட்டைத் தாண்டிவிட்டது. அவர் எழும்பூரில் இறங்கி ராயபுரம் வந்து சேர்வதற்குள் எல்லாவற்றையும் மாட்டியாக வேண்டும். பிறந்தநாள் பரிசு என்றால் கடைசி நிமிடம் வரை தெரியக் கூடாதில்லையா?

இன்ஸ்பெக்டர் மங்கம்மா மேடம், இந்த விபத்துக்காக மூன்று தடவை என் கடைப் படியேறி வந்தீர்கள். மூன்று தடவையும் அந்த செட்டை மாட்டியது யார், எவ்வளவு சத்தம் வரும் என்றே கேட்டீர்கள். வெயிலில் அலைந்து ஒரே கேள்வியை மூன்று முறை கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இரக்கமாக இருக்கிறது. அதனால்தான் இன்று நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

வண்டியை நீங்கள் நசுங்கிய பிறகுதான் பார்த்தீர்கள். அதற்கு முன் அது மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம். துணிக் கூரையை மடித்துப் பின்னால் தள்ளிக்கொள்ளலாம். யானைக்கவுனியில் ஒரு பைனான்சியர் மகன் சலித்துப்போய்த் தள்ளிவிட்டதை, இவர் ஐம்பது வயதில் ஆசையாக வாங்கினார். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கூரையைத் திறந்துகொண்டு, வெள்ளைச் சட்டையில் காட்டுப்பள்ளி வரை போவார். வள்ளூர் அனல்மின் நிலையச் சாம்பலை எல்லாம் தலையில் வாங்கிக்கொண்டு, கரி மூட்டை தூக்கியவர் மாதிரி திரும்புவார். காசிமேட்டுப் படகுக்காரர்கள் சிரிப்பார்கள்.

“இன்னா நைனா, மூடி தனியா வாங்கணுமா? வண்டியோட குட்க்கலையா?”

அதையும் அவர் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். படகுகளுக்குக் கயிறும் வலைச்சாமானும் விற்கும் கடை. என் அப்பா வேதமாணிக்கம் மார்த்தாண்டத்திலிருந்து வந்து காசிமேட்டில் தொடங்கியது. சாகும்போது அதை மாப்பிள்ளை பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். பெண் பெயரில் கடை இருந்தால் படகுக்காரர்கள் மதிக்க மாட்டார்கள் என்று அவருக்கு ஒரு ஞானம். இருபத்திரண்டு வருடமாக நடத்தியது நான். ஷிபினுக்கு எந்தக் கயிறு தண்ணீரில் மிதக்கும், எது மூழ்கும் என்பதுகூடத் தெரியாது.

பிப்ரவரியில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

“ஏட்டி ரெஜினா, தடைக்காலம் தொடங்குத அன்னைக்குக் கயித்துக்கடைய மூடப்போறேன், கேட்டியா? கார் அலங்காரக் கடை போடுவோம். போர்டு எழுதக் குடுத்தாச்சு.”

“தடைக்காலத்துலயா?”

“பின்ன? படகு ஒண்ணும் கடலுக்குப் போவாதுல்லா? கயிறு எவன் வாங்குவான்?”

மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் அறுபத்தொரு நாள் கரையில் நிற்கும்போதுதான் பழைய கயிற்றை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது கட்டுவார்கள். வருடத்தில் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத காலம் அது. அந்தக் கூட்டத்தை இருபத்திரண்டு வருடம் நேரில் பார்த்த மனிதர் இப்படிக் கேட்கிறார். நான் விளக்கவில்லை. விளக்கினால் புரிந்துகொள்ள எதிரே ஓர் ஆள் இருக்க வேண்டும். அவர் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தேன். கார்க்கடை போடுகிறவர் வண்டியில் நல்ல செட் இல்லாவிட்டால் நாலு பேர் சிரிப்பார்களே என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது.

பக்ருதீன் தொழில் தெரிந்தவர். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினார்.

“கூரை இல்லாத வண்டி மேடம். ரூம்ல பாடறது வேற, பீச்சுல பாடறது வேற. பாஸ் சத்தம் அப்டியே காத்துல பூடும்.”

“அப்போ பெருசா வையுங்க.”

“எங்க வெக்கறது? டிக்கில கூரை மடிஞ்சி குந்திக்கினு கீது.”

கடைசியில் சீட்டுக்கு அடியில் இரண்டு சப்வூஃபர், சீட்டுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர், தலை சாய்க்கும் மெத்தைக்குள் காதுக்கு நேராக ஸ்பீக்கர்கள் என்று முடிவானது. காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. மாட்டி முடித்ததும் நானே உட்கார்ந்து பாட்டைப் போட்டுப் பார்த்தேன். இறங்கியபோது பக்ருதீன் முகம் ஒரு மாதிரி இருந்தது. அவ்வளவு நேரமும் ஷெட் வாசலில் தன் வேனின் ஆரனை அடித்துக்கொண்டே இருந்தாராம்.

“உங்களுக்கு ஒண்ணுமே கேக்கலையா மேடம்? பேஜாராப் பூடும். நான் கொஞ்சம் கம்மி பண்ணி வெச்சித் தரேன்.”

“வேண்டாம். அவருக்குச் சத்தம்தான் பிடிக்கும்.”

அந்த மனிதரைத்தான் நீங்கள் நாலு நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தீர்கள். சொன்ன வேலையைச் செய்தார், அவ்வளவுதான்.

பரிசைப் பார்த்ததும் ஷிபினுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, “எம் பொண்டாட்டி வாங்கித் தந்தது” என்று காட்டினார். அன்றிலிருந்து அவர் தெருமுனை திரும்பும் முன்பே ராயபுரத்துக்கு அவர் வருவது தெரியும்.

எனக்கு அவர்மேல் கோபம் ஏதும் இல்லை. லாரி ஓடும் சாலையில் ஆரன் கேட்காத ஒருவர் எத்தனை நாள் தாங்குவார் என்று யோசித்துவைத்திருந்தேன். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். ஆனால் தினமும் சாயங்காலம் சாம்பல் தலையோடு வந்து காபி கேட்டார். ஒரு கீறல்கூட இல்லை. சாவதைக்கூட அந்த மனிதரால் தானாகச் செய்துகொள்ள முடியவில்லை.

ஏப்ரல் பதினைந்தில் தடைக்காலம் தொடங்கும். பன்னிரண்டாம் தேதி என்னை வண்டியில் ஏற்றி, திருவொற்றியூரில் இருக்கும் எங்கள் கிடங்குக்குக் கூட்டிப்போனார். கடைச் சரக்கில் பாதியை எனக்குச் சொல்லாமல் அங்கே மாற்றியிருந்தார். நைலான் சுருள்கள் அத்தனையும் திறந்த முற்றத்தில், பங்குனி வெயிலில் கிடந்தன. வெயில் குடித்த நைலான் பாரம் தாங்காது, அறுந்துவிடும். “காத்தோட்டமா இருக்கட்டும்னு போட்டேன்” என்றார். அங்கிருந்து திரும்பும்போதுதான் அந்த விபத்து.

இப்போது கடை என் கையில்தான் இருக்கிறது. ஆனால் கல்லாவுக்கு மேலே அவர் படத்தை மாட்டி மாலை போட்டது படகுக்காரர்கள். “அண்ணன் கடைக் கயிறு” என்றுதான் இன்னும் கேட்டு வாங்குகிறார்கள். அன்று லாரி ஓட்டிய சின்னப்பையன் என்கிறவர் ஜாமீனில் வந்ததும் நேரே கடைக்கு வந்து அழுதார்.

“ஆரன் அட்ச்சிக்கினேதான்கா வந்தேன். பாட்டு சத்தத்துல அண்ணனுக்குக் கேக்கலக்கா. எம் புள்ள மேல சத்தியம்.”

“தெரியும் தம்பி” என்று டீ வாங்கிக் கொடுத்தேன்.

நேற்று நீங்கள் வந்து, ஓட்டியவரின் கவனக்குறைவு, அளவுமீறிய சத்தம் என்று எழுதி வழக்கை முடிக்கப் போவதாகச் சொன்னீர்கள். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தீர்கள். இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை. நான் நடத்திய கடைக்கு அவர் பெயர். நான் தேர்ந்தெடுத்து விற்ற கயிற்றுக்கு அவர் பெயர். இதையுமா அவர் பெயரில் எழுதுவீர்கள்? வாழ்க்கையில் ஒரு வேலையையும் உருப்படியாக முடிக்காதவர் அவர்.

கிடங்குச் சந்து சாலையில் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும். அந்தக் குட்டை வண்டியில் உட்கார்ந்தால் டிரெய்லர் சக்கரம்தான் கண்ணுக்குத் தெரியும். ஒருவர் இறங்கிப்போய்ப் பார்த்துச் சொன்னால்தான் சாலையில் ஏற முடியும். கேட்டைப் பூட்ட இறங்கினேன் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். கேட்டை ஏற்கெனவே பூட்டியாகிவிட்டது. சாலை ஓரத்தில் நின்று பார்த்துச் சொல்லத்தான் இறங்கினேன்.

நான் சொல்வது காதில் விழ வேண்டும் என்று ஷிபின் பாட்டை அணைத்தார். ஆமாம், அணைத்தார். ஆரன் சத்தம் அவருக்கு நன்றாகவே கேட்டது. கழுத்தை நீட்டி, “ஏட்டி, லாரி வருதா?” என்றார்.

சின்னப்பையனின் லாரி நாலு டிரெய்லர் தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

“அது அந்தப் பக்கம் போகுது. நீங்க வாங்க” என்றேன்.

இருபத்திரண்டு வருடத்தில் நான் சொன்னதை அவர் மறுபேச்சில்லாமல் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவர அரை நிமிடமாவது ஆகும் என்று தெரியும். வண்டியின் அருகே போனேன். முன்பக்கம் முழுக்கப் போயிருந்தது. அவருக்கு மூச்சு இருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சுக்கு மேலாகக் கையை நீட்டி செட்டின் பொத்தானை அழுத்தி, சத்தத்தைக் கடைசி வரை திருப்பினேன். ஓடிவந்த ஒன்பது பேரும் உங்களிடம் சாட்சி சொன்னார்களே, அந்தப் பாட்டு, நான் அப்போது போட்டது.