இன்னும் இரண்டடி

புனேயில் எங்கள் வாகட் குடியிருப்பில் தண்ணீருக்குத்தான் தட்டுப்பாடு, இணையத்துக்கு ஒரு குறையும் இல்லை. 2009-இல் நான் செய்ததற்கு அது போதுமானதாக இருந்தது.

நானும் கட்கியில் இருந்த ஜம்புவும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள். உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தே வானொலியில் ஊர் உலகத்தோடு பேசுகிறவர்கள். குரலைக் கம்ப்யூட்டரில் எண்களாக மாற்றி அனுப்பும் முறை அப்போது புதிது. எங்கள் கிளப்பில் அப்படி ஐரோப்பாவரை முதலில் பேசப்போவது யார் என்று எங்களுக்குள் போட்டி.

நான் முந்தினேன். ஹாலந்துக்காரர் ஒருவருக்கு என் குரல் போய்ச் சேர்ந்தது, அது நிஜம். அவருடையது சின்ன டிரான்ஸ்மிட்டர், அவர் குரல் புனேவரை வரவே இல்லை. ஹாலந்திலேயே இருந்த ஒரு ரிசீவரை இணையத்தில் திறந்து, அதன் வழியாகத்தான் அவரைக் கேட்டேன். சொல்லிவிட்டுச் செய்தால் அதில் தப்பில்லை. நான் சொல்லவில்லை. என் மொட்டைமாடி ஆன்டெனாவில் கேட்டதாகச் சொன்னேன். கிளப்பில் கைதட்டினார்கள்.

ஜம்பு என்னைச் சந்தேகப்படவே இல்லை. "அரே சாமி, உனக்கு வருது, எனக்கு வரலன்னா என் ஆன்டெனாதான் பேக்கார், ஒண்ணுத்துக்கும் ஆகாது," என்றார். பழைய முறையென்றால் இரைச்சலுக்கு நடுவே கொஞ்சமாவது குரல் தட்டுப்படும். இதில் கேட்டால் சுத்தமாகக் கேட்கும், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. அதனால் இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் கிடைத்துவிடும் என்று நம்பினார். நம்பட்டும் என்று விட்டேன். இப்போது வெட்கமாக இருக்கிறது, அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிறு மாலை நான் ஹாலந்துக்காரரோடு பேசிக்கொண்டிருந்தபோது ஜம்புவின் மனைவி லலிதா செல்போனில் கூப்பிட்டார். ஜம்பு மாடியில் இரும்புக் குழாயில் ஆன்டெனாவைக் கட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். லலிதா மாடிப்படியில் நின்றிருந்தார்.

"அண்ணா, இன்னும் ஏத்தணுமான்னு கேக்கறார். கரண்ட் கம்பி பக்கத்துலயே போகுது, எனக்கு பயமா இருக்கு."

அந்தக் கம்பியை நான் பார்த்திருக்கிறேன். எவ்வளவு ஏற்றினாலும் அவருக்குக் கேட்காது என்பதும் எனக்குத் தெரியும். இறங்கச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஏன் என்று ஜம்பு கேட்பாரே.

"இன்னும் ரெண்டடி ஏத்தச் சொல்லுங்க," என்றேன்.

லலிதாதான் அதை மாடியைப் பார்த்து உரக்கச் சொன்னார். அடுத்து அவர் கத்தியது வேறு மாதிரி இருந்தது.

ஜம்புவின் காரியத்துக்குப் போனேன். லலிதா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கம்ப்யூட்டர் கீழ ரூம்ல ஓடிட்டிருந்துச்சு, பக்கத்துல யாரும் இல்ல. கடைசியா அந்த ஹாலந்துக்காரர் குரல் வந்திருக்குமா அண்ணா?"

"வந்திருக்கும்மா. அந்த உயரத்துக்குக் கட்டாயம் வந்திருக்கும்."

அவருடைய ஆறுதலுக்காகச் சொன்னேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஜம்புவின் ஆன்டெனாவிலும் வந்தது என்று லலிதா நாலு பேரிடம் சொன்னால், என் ஆன்டெனாவில் வந்ததை இனி யாரும் சந்தேகிக்க மாட்டார்கள் என்று, அவர் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் நான் யோசித்து முடித்திருந்தேன்.