கதவுப் பக்கம் திரும்பாத கேமரா

கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பிடிப்பது சுலபம். வீடியோ எடுப்பவரைப் பிடிப்பதுதான் கடினம். சாப்பாட்டில் உப்பு கூடிப்போனால் நாலு பேர் நாலு நாள் பேசிவிட்டு மறந்துவிடுவார்கள். வீடியோ அப்படி அல்ல. பேரப்பிள்ளைகள் காலம்வரை போட்டுப் பார்ப்பார்கள். அதனால் சின்னவள் கல்யாணத்துக்கு நான் அவசரப்படவில்லை. ஒவ்வொருவராக வீட்டுக்கு வரச் சொல்லிப் பேசிப் பார்த்தேன். முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். எனக்கு முதல் என்பது அதுதான்.

நான் மர வியாபாரி. என் கடையில் வாங்கிய பலகையை யாரும் திருப்பிக் கொண்டுவந்தது கிடையாது. அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் சம்பந்தி வீட்டார் எங்கள் படியேறினார்கள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். ஒரே மகள் என்றேன்.

உண்மையில் இரண்டு பேர். பெரியவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிடுவாள், ஆனாலும் அவ்வப்போது வந்துவிடும். ஒருமுறை விழுந்ததில் முன்பல் பாதி உடைந்தது. அதைத் தவிர அவளிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் துணி தைத்துக்கொடுத்தாள். சம்பந்தி அம்மாள் பேசிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்து, மிஷினில் உட்கார்ந்திருக்கும் பெண் யார் என்று கேட்டார். தூரத்து உறவு, தாய் தகப்பன் இல்லாதவள், நாங்கள் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். பெரியவளின் கால் மிஷினை மிதிப்பதை நிறுத்தியது. எழுந்து போய் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சின்னவள் அன்று என்னோடு சண்டை போட்டாள். கல்யாணம் முடியட்டும், நானே பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன் என்று சமாதானம் செய்தேன். இரத்தத்திலேயே நோய் இருக்கிறது என்று ஒரு வீட்டைப் பற்றிப் பேச்சு கிளம்பினால் அதை யாராலும் அடக்க முடியாது. அதை அவளுக்கு விளக்கவும் முடியாது. அக்காவைக் கல்யாணத்துக்கு அழைத்து வர வேண்டாம் என்று நான் சொன்னபோது அவள் குரலை உயர்த்தவில்லை.

"அக்கா வரலைன்னா நானும் வரலைப்பா. மாப்பிள்ளைய வேற எடத்துல பொண்ணு பாத்துக்கச் சொல்லுங்க."

சரி, வரட்டும் என்றேன். கூட்டத்தில் ஒரு முகமாக உட்கார்ந்துவிட்டுப் போனால் யாருக்கும் தெரியாது. ஆனால் வீடியோ என்று ஒன்று இருக்கிறதே. நேரில் பார்க்கும்போது தப்பிவிடுகிற முகஜாடை, படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் தப்பாது. அக்காவும் தங்கையும் ஒரே அச்சு.

முதலில் வந்தவர் பறக்கும் கேமரா வைத்திருந்தார். மண்டபத்துக்கு மேலே அது வட்டமிடுமாம். எங்கள் வீட்டு வழுக்கைத் தலைகளை மேலிருந்து யாரும் எண்ண வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்து வந்தது முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு பெண். அவள் எடுத்திருந்த படங்களைப் பார்த்தேன். குறை சொல்லக் கூடாது, அவள்தான் எல்லோரிலும் கெட்டிக்காரி. அவள் படத்தில் யாரும் கேமராவைப் பார்ப்பதில்லை. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பெரியவள் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்தப் பெண் தம்ளரை வாங்காமல் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க கல்யாணப் பொண்ணோட அக்காதானே? அப்படியே உரிச்சு வெச்ச மாதிரி இருக்கீங்க."

பெரியவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. விளக்கு வெளிச்சம் மின்னினால் தனக்கு ஆகாது என்று அவளிடம் சொல்லிவிட்டாள். அதற்கென்ன, ஜன்னலோரம் உட்காருங்கள், விளக்கே இல்லாமல் எடுத்துத் தருகிறேன் என்றாள் அந்தப் பெண். அவள் போன பிறகு பெரியவள் என் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவங்களையே வெச்சுக்கலாம்பா. தங்கச்சி பக்கத்துல நான் நிக்கிற மாதிரி ஒரே ஒரு படம் போதும். அதையும் எடது பக்கத்துலேர்ந்து எடுக்கச் சொல்லுங்க. வலது பக்கம் சிரிச்சா ஓட்டப்பல்லு ஊரக் கூட்டும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை. பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கிற கண்ணை மண்டபத்துக்குள் விட முடியாது.

கடைசியில் ஸ்டாண்டுக்காரரைப் பிடித்தேன். தெருவில் அவருக்கு அதுதான் பெயர். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினால் பிறகு அதை நகர்த்த மாட்டார். எங்கே நிற்கச் சொல்கிறீர்களோ அங்கே நிற்பேன் என்றார். மேடைக்கு இடப்பக்கம் ஒரு கதவு இருக்கும், அது படத்தில் வரவே கூடாது என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்காத ஆட்கள் இந்தக் காலத்தில் அபூர்வம்.

அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. நாற்காலிகளும் விரிப்புகளும் போட்டு வைக்கிற இடம். காலையிலேயே அதைப் பெருக்கச் சொல்லி, மின்விசிறி போட்டு, ஒரு மெத்தையும் தலையணையும் வைக்கச் சொன்னேன். அவள் சௌகரியத்தில் நான் குறை வைக்கவில்லை. பெரியவள் தானே தைத்த நீல உடுப்பில் வந்தாள். கழுத்தைச் சுற்றி வெள்ளை நூலால் பூவேலை செய்திருந்தாள். கூட்டமும் வெளிச்சமும் உனக்கு ஆகாது, இங்கேயே இரு, சடங்கு முடிந்ததும் கேமராக்காரரை அழைத்து வருகிறேன், உன்னைத் தனியாக எடுப்பார், பிறகு தங்கையோடு சேர்த்து எடுப்பார் என்றேன். நம்பினாள். நான் சொன்ன எதையும் அவள் நம்பாமல் இருந்ததில்லை. தலையைக் கோதிக்கொண்டு கதவைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தாள். நான் வெளியே வந்து பூட்டிவிட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

தனியாக விட வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். வீட்டில் குளியலறைத் தாழ்ப்பாளைத் திருகாணி கழற்றி எடுத்தவனே நான்தான். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவன், இன்று ஒரு பொழுதுதானே என்று நினைத்தேன்.

மேடையில் சின்னவள் இரண்டு தடவை அக்கா எங்கே என்று கேட்டாள். தூங்குகிறாள் என்றேன். மோதிரம் மாற்றிக்கொண்டிருந்தபோது கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. மெதுவாகத்தான் தட்டினாள். விருந்தாளிகளுக்குத் தொந்தரவு ஆகக் கூடாது என்று நினைத்திருப்பாள். நான் மேடையின் ஓரத்தில், கதவுக்குக் கிட்டத்தில் நின்றிருந்தேன். மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று திரும்பினேன். அப்போது சம்பந்தி என் தோளைப் பிடித்து, வாங்க, ஒரு படம் எடுத்துக்கலாம் என்றார்.

நின்றேன். தட்டுவது வேகமாயிற்று, பிறகு தாறுமாறாயிற்று. பிறகு கதவின் அடியில் ஏதோ மோதுகிற சத்தம் விட்டு விட்டு வந்தது. அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். என் மனைவி உயிரோடிருந்த காலத்திலிருந்து கேட்டுவருகிற சத்தம். என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு வைத்தியரும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். ஒரு ஆள் போதும்.

ஆனால் கதவைத் திறந்தால் மேடையில் இருக்கிற எல்லோரும் பார்ப்பார்கள். நான் சம்பந்தியின் பக்கத்தில் நின்று சிரித்தேன். படத்தில் பார்க்கலாம், நன்றாகவே சிரித்திருக்கிறேன். சத்தம் நின்றது. தூங்கிவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எல்லோரும் விருந்துக்குப் போன பிறகு திறந்தேன். தலையணையில் முகம் புதைந்து குப்புறக் கிடந்தாள். திருப்பிப் போட்டேன். உடம்பில் சூடு இருந்தது; மூச்சு இல்லை. உடுப்பின் கசங்கலை நீவிவிட்டேன். மறுபடியும் வெளியே வந்து பூட்டிவிட்டு விருந்துக்குப் போனேன். சம்பந்தி அம்மாள் சாப்பாட்டைப் பாராட்டினார். சின்னவள் வண்டியேறும்போது அக்காவிடம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றாள். இப்போதுதான் கண் அயர்ந்தாள், எழுப்ப வேண்டாம் என்றேன். மண்டபம் காலியான பிறகு பெரியவளை வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து அவள் கட்டிலில் கிடத்தினேன். மறுநாள்தான் சின்னவளுக்குச் செய்தி சொன்னேன். இரவு தூக்கத்தில் போய்விட்டாள் என்று சொன்னேன். வலிப்புள்ள பெண் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. அடக்கமும் அமைதியாக முடிந்தது.

ஒரே ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. கேமரா எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்று எல்லாம் பார்த்தவன், மைக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. மேடையில் பேசுவது தெளிவாக விழ வேண்டும் என்று ஸ்டாண்டுக்காரர் ஒரு மைக்கை அந்தக் கதவோரம் பொருத்தியிருந்தார். படத்தை வெட்டி ஒட்டும்போது என்னைத் தன் கடைக்குக் கூப்பிட்டார். காதில் வைத்துக் கேட்கிற கருவியை என்னிடம் நீட்டினார்.

"மோதிரம் மாத்துற எடத்துல பின்னால ஏதோ தட்டுற சத்தம் வருதுங்கய்யா. ஒரு பொண்ணு கூப்பிடுது. பாட்டு போட்டு மறைச்சிடவா?"

கேட்டேன். கடைசிவரைக்கும் கேட்டேன். மறைத்துவிடுங்கள் என்றேன்.

மறைத்துத்தான் கொடுத்தார். ஆனால் சின்னவள் அவரிடம் போய், மேடையில் பேசியதைப் பாட்டில்லாமல் கேட்க வேண்டும், முழுப் பதிவையும் கொடுங்கள் என்று வாங்கியிருக்கிறாள். ஏன் என்று கேட்காத மனிதர், கொடுத்துவிட்டார். அவள் அதை என் முன்னால் வைத்து ஓடவிட்டாள். அழவில்லை. மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அவர் வீட்டில் ஒன்றும் ஆகவில்லையாம். வலிப்புதானே, முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றாராம் சம்பந்தி. அதன் பிறகுதான் அவள் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

பூட்டியது நான். சத்தம் கேட்டும் திறக்காதது நான். திறந்து பார்த்தும் வாயைத் திறக்காதது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் பதிவை நீங்கள் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைக்கிறேன். இன்னொரு முறை போடுங்கள். அப்பா, நான் ரெடியா இருக்கேன், அவர வரச் சொல்லுங்கப்பா என்கிறாள். அந்தக் குரலில் பயம் இருக்கிறதா, கோபம் இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள். கொடுமைக்கார அப்பனாக இருந்தால் ஒரு பெண் இப்படியா கூப்பிடுவாள்.