தழும்பில்லாத உடம்பு

இடது காதில் ஓர் அடி. பிறகு தலைக்கு மேலே பை இறங்குகிறது. பெற்றோல் நெடி. மூச்சை இழுக்கிறேன்; பொலித்தீன்தான் வாய்க்குள் வருகிறது. வெளியே ஷெல் விழுகிறது. முதலில் கூவல். பிறகு அதிர்வு. பக்கத்தில் அத்தான் கத்துகிறார்.

"அவனை விடுங்கோ! அவனுக்கு ஒண்டும் தெரியாது!"

அத்தான், என் அக்காவின் கணவர். மன்னாரில் கடற்தொழில் செய்தவர். எங்கள் இருவரையும் இராணுவம் ஒன்றாகத்தான் பிடித்தது. அறையில் இன்னும் மூவர். அவர்களையும் அத்தானையும் கம்பி காய்ச்சிச் சுட்டிருந்தார்கள். என் முறை அப்போதுதான் வந்திருந்தது.

கதவு திறந்தது. பை கழன்றது. சீருடையில் ஒரு புதியவர். இராணுவச் சட்டப் பிரிவு அதிகாரி. முகாம் பொறுப்பதிகாரியோடு சிங்களத்தில் வாதாடினார். எனக்குச் சிங்களம் விளங்கும். இது குற்றம் என்றார். இப்படி எடுத்த வாக்குமூலம் நிற்காது என்றார். காயமுள்ள ஆளை நீதவானுக்குக் காட்ட முடியாது என்றார்.

பொறுப்பதிகாரி மறுக்கவில்லை. சட்ட அதிகாரி போனதும் எங்கள் எல்லோரையும் சட்டையைக் கழற்றச் சொன்னார். ஒவ்வொருவராகப் பார்த்தார்.

என் உடம்பில் தழும்பு இல்லை. பை தழும்பு வைக்காது.

என்னை நீதிமன்றத்துக்கு ட்ரக்கில் ஏற்றினார்கள். மற்றவர்களைப் பின்பக்கம் நடத்திப் போனார்கள். எஞ்சின் உறுமியது. அதையும் மீறி வெடி கேட்டது. நான்கு.

பல வருடம் கழித்து, இப்போது இத்தாலியின் பலெர்மோ. பொலிதேயாமா சதுக்கத்தில் ஒரு வழக்கறிஞரின் அலுவலகம். போர்க்குற்றச் சாட்சியங்கள் சேர்க்கிறார்கள். அக்கா தான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவிடம் அரைநாள் லீவு கேட்டு வந்திருக்கிறாள். திரையில் அதே சட்ட அதிகாரி. ஓய்வு பெற்று, வேறொரு நாட்டில் இருக்கிறார். தான் தடுத்ததால் ஓர் உயிர் தப்பியது என்கிறார். உண்மை. அந்த உயிர் நான்.

அக்கா மொழிபெயர்ப்பாளரைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தாள்.

"காயம் இருந்த ஆக்களை என்ன செய்யச் சொன்னனீங்கள்?"

அதை அப்போது யாரும் தன்னிடம் கேட்கவில்லை என்றார் அவர். தானும் சொல்லவில்லை என்றார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லியிருக்கலாம் என்றார்.

அக்கா எழுந்தாள். "போவம். பின்னேர வேலை கிடக்கு."

இழந்தவை இவை. அத்தான், வயது முப்பத்தொன்று. பெயர் தெரியாத மூவர். என் இடது காதின் கேட்கும் திறன். உடல் ஒன்றுகூடத் திரும்பவில்லை. நவம்பரில், இறந்தோர் நாளன்று, இந்த நகரமே பூக்களோடு கல்லறைகளுக்குப் போகிறது. அக்கா அன்றைக்கும் வேலைக்குப் போகிறாள்.