முப்பத்தொன்றாம் எண் டேங்க்

ஐயா, உங்கள் விசாரணை அறிக்கையில் ஒரு சின்னப் பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். நீங்கள் வெளியே போயிருப்பதாக ஏட்டையா சொன்னார். எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று நாலு தாளும் தந்தார். என் கையெழுத்து படிக்கச் சிரமமாக இருக்காது. திருவொற்றியூரில் ஒரு இன்ஜின் கம்பெனியில், அதை மூடும்வரை, இருபது வருஷம் வரைபடப் பிரிவில் இருந்தவன் நான்.

பிழை மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. குணசேகரன் என்ற மெக்கானிக் பொருத்திய எண்ணெய் டேங்கின் கோளாறால் நடுக்கடலில் இன்ஜின் நின்று, காசிமேட்டு ஜெயவேலும் அவர் மச்சான் சிங்காரமும் இறந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என் டேங்கில் கோளாறு இல்லை. அது அன்றைக்கு அந்தப் படகிலேயே இல்லை. கரை ஒதுங்கிய படகில் டேங்கைத் தாங்கும் இரும்புச் சட்டம் மட்டும் இருந்ததைப் பார்த்தீர்கள். இன்ஜினோடு டேங்கும் கடலில் விழுந்திருக்கும் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒவ்வொரு டேங்குக்கும் அடியில் எண் வெட்டுவது என் வழக்கம். ஜெயவேலுடையது முப்பத்தொன்று. அது என் கடையில், மேஜைக்கு அடியில், சாக்குப் போட்டு மூடியிருக்கிறது. ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இன்ஜினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஃபைபர் படகின் பின்னால் மாட்டுகிற இன்ஜின் பெட்ரோலில் கிளம்பும், சூடானதும் சீமெண்ணெயில் ஓடும். இதற்காக ஒரு சின்ன பெட்ரோல் டேங்க், படகின் தரையில் ஒரு சீமெண்ணெய் கேன், இதிலிருந்து அதற்கு மாற்ற ஒரு திருகு, தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தேங்கிக் கண்ணுக்குத் தெரிய ஒரு கண்ணாடிக் கிண்ணம், எண்ணெயை மேலே ஏற்ற ஒரு பம்ப், பம்ப் சண்டித்தனம் செய்தால் கையால் அமுக்கி ஏற்ற ஒரு ரப்பர் பந்து. இத்தனையும் போதாதென்று, கரை நெருங்கும்போது மறக்காமல் பெட்ரோலுக்கு மாற்றிவிட்டு அணைக்க வேண்டும். மாற்றாவிட்டால் உள்ளே சீமெண்ணெய் தங்கி மறுநாள் இன்ஜின் எழுந்திருக்காது. வலை நிறைய மீன் ஏறிய அன்றைக்கு இது எவனுக்கு ஞாபகம் இருக்கும்? விடிந்தால் என் கடை வாசலில் பத்துப் பேர், இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் இறங்கி நிற்பார்கள்.

நான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இன்ஜினைவிட உயரத்தில் ஒரே டேங்க், அதில் பெட்ரோலும் சீமெண்ணெயும் அளவாகக் கலந்த எண்ணெய், கீழே இறங்க ஒரே குழாய். மேலே இருப்பது தானாகக் கீழே வரும். அதற்குப் பம்ப் எதற்கு? கம்பெனியில் இருபது வருஷம் சொல்லிப் பார்த்தேன், ஒரு திருகாணியைக்கூடக் குறைக்க விடவில்லை. காசிமேட்டில் கடை போட்ட இரண்டே வருஷத்தில் நாற்பத்தேழு படகுகள் என் டேங்கோடு கடலுக்குப் போயின. ஒரே இழுப்பில் கிளம்பின. சும்மா சொல்லவில்லை, கரையில் நின்று அதைக் கேட்கும்போது எனக்குக் கண் கலங்கும்.

டேங்குக்குத் தகரம் பற்றவைத்துத் தந்தவன் தண்டையார்பேட்டை மஜீது. நல்ல கை. ஆனால் வாய் சும்மா இருக்காது. "தோஸ்து, அடியில ஒரு கண்ணாடிக் கிண்ணம் வெச்சுடலாம்பா. அலை அடிச்சா மூடி வழியா தண்ணி பூந்துக்கும், ஒன்னியும் தெரியாது" என்றான். வேண்டாம் என்றேன். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும். கிண்ணம் வந்தால் வாஷர் வரும், வாஷர் வந்தால் கிளிப் வரும். பிறகு நான் குறைத்தது எதை?

பதினோரு படகுகள் கடலில் நின்றது உண்மைதான். பதினோரு படகையும் வேறு படகுகள் கயிறு கட்டி இழுத்து வந்துவிட்டன. ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. அதையெல்லாம் கோளாறு என்று நான் எண்ணவில்லை.

கடை திறந்தபோது ஜெயவேல்தான் என் முதல் வாடிக்கை, டேங்க் மாட்டிக்கொண்டது பிறகுதான். என்னைப் பற்றி ஊரெல்லாம் சொன்னவனும் அவன்தான். வெள்ளை மனசு, பெரிய தொண்டை. போன நவம்பரில் அவன் இன்ஜின் மூன்றாவது தடவையாக நின்றது. மறுநாள் இன்ஜினைத் தோளில் சுமந்துகொண்டு வந்து கடையில் இறக்கினான்.

"இன்னா நைனா, நீ கரையில குந்திகினு கீற. நடுக்கடல்ல நின்னுபூட்டா எனுக்குத்தான தெரியும் பேஜாரு. முன்னல்லாம் கிண்ணத்துல தண்ணி கீதான்னு பாத்துக்குவோம். இப்போ கண்ணக் கட்டிக்கினு போறமாரி கீது. பழசெல்லாம் மாட்டிக் குடு."

மாட்டித் தருகிறேன் என்றேன். அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம்.

"நாளைக்கி ஓட்டிப் பாக்கறேன். நல்லாப் போச்சுன்னா ஏலக் கூடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன், பழசே மாட்டிக்கங்கடான்னு. கோச்சிக்காத மாமு. உசுரு மேட்டரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். தோளில் தட்டிவிட்டும் போனான். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். ஜெயவேல் வாய் ஒன்றே ஊர் வாய்க்குச் சமம். அவன் சொன்னால் மறுநாள் நாற்பத்தேழும் கழன்றுவிடும். நான் யோசித்தது ஒன்றுதான். பழைய முறையும் கடலில் நிற்கும் என்பதை அவனே பார்த்துவிட்டால் பேச மாட்டான். அதைக் காட்ட வேண்டியது என் கடமை என்று பட்டது.

அன்று மாலை படகுக்குப் போய், சட்டத்தை விட்டுவிட்டு முப்பத்தொன்றை மட்டும் கழற்றி வந்தேன். சின்ன டேங்க், கேன், திருகு, கிண்ணம், பம்ப் எல்லாவற்றையும் அவன் கேட்டபடி மாட்டினேன். பம்புக்குள்ளே ஒரு ரப்பர் படலம் இருக்கும். அது துடித்துத்தான் எண்ணெயை ஏற்றும். புதிது இரண்டு என் டப்பாவில் இருந்தது. நான் போட்டது பழையது. விரலால் இழுத்துப் பார்த்தால் ஒரு படலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். இது ஒரு மணி நேரம் தாங்கும். கடையில் தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓட்டிக் காட்டினேன். ஜெயவேல் கும்பிட்டான்.

ஒரு மணி நேரம் என்றால், கரையிலிருந்து எண்ணூர் தாண்டிக் கொஞ்ச தூரம். பம்ப் போனதும் அவன் கேனைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடிப்பான், எண்ணெய் தானாக இறங்கும், இன்ஜின் ஓடும், என் முறையையே தோளில் சுமந்துகொண்டு ஏலக் கூடத்துக்கு முன்னால் வந்து இறங்குவான் என்று நினைத்தேன். நினைத்தபோது சிரிப்புக்கூட வந்தது. இதைத்தான் முதலில் எழுதிக் கையெழுத்துப் போட எண்ணியிருந்தேன்.

ஆனால் தப்பாக எழுதக் கூடாது. கேனிலிருந்து வரும் குழாயை நான் இரண்டு முழம் குறைத்து வெட்டியிருந்தேன். படகின் தரையிலிருந்து கேனைத் தூக்கினால் குழாய் எட்டாது. வளைந்து தொங்குகிற குழாய் எனக்கு எப்போதுமே பிடிக்காது. கையால் அமுக்குகிற ரப்பர் பந்தையும் மாட்டவில்லை. கேட்டால் மறந்துவிட்டேன் என்று சொல்ல வைத்திருந்தேன். அவன் கேட்கவில்லை, என்னை நம்பினான்.

அவர்கள் விடியலில் கிளம்பினார்கள். ஜெயவேலும் சிங்காரமும் மட்டும்தான். ஆந்திரா பக்கம் ஏதோ தாழ்வு என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். காற்று தரையிலிருந்து கடலுக்கு அடித்தது. நின்றுபோன படகை அந்தக் காற்று கரைக்கு விடாது. அந்த மாதங்களில் நீரோட்டமும் தெற்கே இழுக்கும். இதெல்லாம் காசிமேட்டில் நண்டுக்குக்கூடத் தெரியும். நான் கரையில் நின்று சத்தம் கேட்டேன். ஒரே இழுப்பில் கிளம்பியது. பழைய முறைக்கு அது அதிகம் என்று தோன்றியது.

சாயங்காலம் திரும்பவில்லை. மறுநாள் பதினெட்டுப் படகுகள் தேடப் போயின. எல்லாம் வடக்கே, பழவேற்காட்டுக்கு மேலே போயின. அங்கேதான் ஜெயவேல் வலை போடுவான். மூன்று நாள் அங்கேயே சுற்றினார்கள். கலங்கரை விளக்கத்துக்கு நேரே நின்று தென்கிழக்கே போயிருந்தால் முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும்.

ஒன்பதாம் நாள் காற்று திரும்பி, மரக்காணத்துக்குப் பக்கத்தில் படகு ஒதுங்கியது. கரை அலையில் புரண்டு இன்ஜின் கழன்று போயிருந்தது. இருவர் உடலும் வலைக்குள் சிக்கி இருந்தன. கேனில் முக்கால்வாசி எண்ணெய் அப்படியே இருந்ததாம். அதில் தொங்கிய குழாய், இழுத்து இழுத்து, நடுவில் மெலிந்து பிய்ந்திருந்தது. அதை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஏன் என்று எழுதவில்லை. நங்கூரக் கயிற்றில் ஆறு முடிச்சுகள் இருந்ததையும் எழுதியிருக்கிறீர்கள். நாளுக்கு ஒன்றாக ஜெயவேல் போட்டிருப்பான் என்று நானும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அநியாயம் நடந்தது. நாற்பத்தாறு படகுக்காரர்களும் என் டேங்கைப் பிடுங்கி என் கடை வாசலில் எறிந்துவிட்டுப் போனார்கள். ஒன்றில்கூடத் துரு இல்லை. மஜீது வந்து பார்த்துவிட்டு, "அன்னைக்கே சொன்னேனே தோஸ்து" என்று அழுதான். நான் குறைத்த எண்ணெய் முறையில் ஒருவரும் சாகவில்லை. இறந்த இருவரும் பழைய முறையில்தான் இறந்தார்கள், அதுவும் நான் கையால் கெடுத்ததால். இதை நீங்கள் மூன்றாம் பக்கத்தில் திருத்தினால் போதும். எனக்குக் கொடுக்கிற தண்டனையைக் கொடுங்கள், அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

தாளில் இன்னும் இடம் இருக்கிறது. அதனால் இதையும் எழுதிவிடுகிறேன்.

தேடப் போன படகுகள் தாமாக வடக்கே போகவில்லை. காணாமல் போன மறுநாள் காலை ஜெயவேல் பெண்டாட்டி மலர்க்கொடி என் கடைக்கு வந்தாள். சிங்காரம் அவள் கூடப்பிறந்தவன். தலை முடியாமல், காலில் செருப்பில்லாமல் வந்தாள். பின்னால் படகுக்காரர்கள் நின்றார்கள். கடலில் யார் தொலைந்தாலும் மெக்கானிக்கிடம் வந்து கேட்பது காசிமேட்டு வழக்கம். எவ்வளவு எண்ணெய் போட்டான், எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்று மெக்கானிக்தான் கணக்குச் சொல்ல வேண்டும்.

"அண்ணே, அந்த இன்ஜினு ஒனக்குத்தான் தெரியும். எங்க நின்னுருக்கும்னு சொல்லுண்ணே. நீ சொல்ற எடத்துக்குப் போய்ப் பாக்கறம்" என்றாள்.

எண்ணூருக்கு அப்பால் நின்றது, இந்நேரம் தென்கிழக்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் முதுகில் முப்பது லிட்டர் என்று எழுதி, வகுத்து, பெருக்கி, பழவேற்காட்டுக்கு வடக்கே ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தேன். அவள் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்துப் போனாள்.

அவள் வந்தது இரண்டாம் நாள். கயிற்றில் முடிச்சு ஆறு. நடுவில் நான்கு நாட்கள் இருந்தன. நான்கு நாளும் காலையிலிருந்து மாலைவரை கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தடவை வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை.