மூக்கில் இருந்த ஈயம்

பொம்மை விமானம் கட்டும் லேசான பால்சா மரப் பலகையை வெட்டுவதற்கு முன் எடை பார்க்க வேண்டும். ஒரே கடையில் ஒரே அளவில் வாங்கிய இரண்டு பலகைகள் ஒரே எடை இருப்பதில்லை. இரண்டு இறக்கைக்கும் ஜோடி சேர்க்கவே எனக்கு ஒரு வாரம் ஆகும். நான் அவசரக்காரன் இல்லை என்பது உங்கள் தாளில் முதலில் ஏறட்டும்.

என் தங்கையின் கணவர் அவசரக்காரர். என்னைப் பார்த்துத்தான் அவருக்குக் கிளைடர் ஆசை வந்தது. எஞ்சின் கிடையாது, காற்றை நம்பிப் பறக்கும் சின்ன விமானம், தரையில் நின்று ரிமோட்டில் ஓட்டுவது. நான் ஒன்று கட்ட நான்கு மாதம் உட்காருவேன். அவர் அட்டைப்பெட்டியில் ஒரு தெர்மோகோல் விமானத்தை வாங்கி, சாப்பாட்டு மேசையில் அரை மணியில் ஒட்டினார். பசை காய்வதற்குள் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்.

பறக்கவிடும் முன் இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் நுனியை வைத்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். வால் தாழ்ந்தால் மூக்கில் ஈயம் வைக்க வேண்டும். பத்து விநாடி வேலை. அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. முதல் நாள் நான் வைத்துக்கொடுத்த ஈயத்திலேயே வாராவாரம் பறந்தார். அதிர்ஷ்டம் முட்டாளுக்கு முறைமாப்பிள்ளை; அழைக்காமலே வீடு வந்து சேரும்.

நாங்கள் பறக்கவிடுவது கைவிடப்பட்ட கல்குவாரியின் விளிம்பில். காற்று அந்தச் சுவரில் மோதி மேலே ஏறும். விமானம் விளிம்புக்குக் கீழே இறங்கினால், ஓட்டுகிறவன் அதைப் பார்க்கத் தன்னையறியாமல் முன்னால் அடி வைப்பான். அதனால் ஒருவர் பின்னால் நின்று அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொள்வது எங்கள் வழக்கம். அவருக்குப் பின்னால் நான்.

"அண்ணா, அவருக்கு மேல பாத்தா கீழ தெரியாது. பெல்ட்ட மட்டும் விட்டுடாதீங்க" என்று தங்கை சொல்லியிருந்தாள்.

போன மாதம் என் மர விமானத்தை ஓட்டிப் பார்க்கக் கேட்டார். கொடுத்தேன். என் கையில் அது பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டியதில்லை. அவர் கையில் ஐம்பது நிமிடம் நின்றது.

"வண்டி அருமை மச்சான். நீங்கதான் அதைச் சும்மா நோண்டிக்கிட்டே இருக்கீங்க. கொஞ்சம் விட்டுப் பாருங்க, அதுவே பறக்கும்."

"கட்டுறது ஒரு கை, ஓட்டுறது ஒரு கைன்னு இப்பத்தான் தெரியுது" என்றார் எங்கள் கூட்டத்துப் பல் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் பொறாமைக்காரன் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் காரில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தபோது, அவருடைய விமானத்தின் மூக்கிலிருந்து ஈயத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இப்போது உங்கள் மேசையில் கிடக்கும் இதே துண்டுதான். அதை ஒரு பரீட்சை என்றுதான் நினைத்தேன். இரண்டு விரலை வைத்துப் பார்த்திருந்தால் அவர் இன்று உயிரோடு இருப்பார்.

பார்க்கவில்லை. வீசினார். விமானம் மூக்கைத் தூக்கி நின்று, குப்புற விழுந்து, மறுபடி தூக்கி, விளிம்புக்குக் கீழே இறங்கியது.

"என்ன மச்சான் இது, குடிச்சிட்டு வந்த மாதிரி ஆடுது?"

"கண்ணை எடுக்காதீங்க மாப்பிள்ளை" என்றேன். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் சொல்லும் அறிவுரைதான்.

ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி. பெல்ட் என் கையில் இறுகியது. பிறகு என்னை நம்பி, முழு உடம்பையும் முன்னால் சாய்த்து எட்டிப் பார்த்தார். மற்றவர்கள் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. அங்கே எல்லோருடைய கண்ணும் விமானத்தின் மேல்தான் இருக்கும்.

கையைத் திறந்தேன்.

தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நீங்க பிடிச்சிருந்தீங்கதானே அண்ணா?"

"பிடிச்சிருந்தேன்மா" என்றேன். அவளிடம் நான் இதுவரை பொய் சொன்னதில்லை. விடும்வரை பிடித்துக்கொண்டுதானே இருந்தேன்.